கெட்ட இரட்டை மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறாள்?

அக்கா மகள் ஒரு கதை எழுதி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். 9ஆம் வகுப்பு படிக்கிறாள். 14 பக்கக் கதை. மாய உலகத்தில் இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி ஒளியை ஆள்கிறாள், இன்னொருத்தி இருளை. கோட்டை, ஓநாய், வருஷம் முழுக்க உருகாத பனி. (எழுதியவள் மார்கழியில்கூட மின்விசிறியை நிறுத்த விடமாட்டாள்.) நடை நன்றாகவே இருந்தது. என்னைக் குத்தியது ஒரே வரிதான்: நல்லவள் பால் போல வெள்ளை, கெட்டவள் கரி போலக் கறுப்பு. பிள்ளை நல்ல கறுப்பு, என்னைப் போல.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். டார்க் ஃபேண்டஸி, அதாவது இருண்ட மாயக்கதை, என்று அவள் கைக்கு வருவதில் பாதி இப்படித்தான் இருக்கிறது. இரட்டையர் என்றாலே நன்மையை ஒருத்திக்கும் பொல்லாப்பை ஒருத்திக்கும் பாகம் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் ஏன் பொல்லாதவள் ஆனாள் என்று கேட்டால், பிறவியிலேயே அப்படியாம். எனக்கு இது சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது.

நான் முதலில் கேட்ட இரட்டைக் கதை, குமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் ஆச்சியின் ஊரில், கொடை விழா வில்லுப்பாட்டில். ராத்திரி பன்னிரண்டு தாண்டி, குடமும் உடுக்கையும் சூடு பிடித்த நேரத்தில் நீலி கதை. காதலனை நம்பிக் கூடப் போன தாசி மகளை, நகைக்கு ஆசைப்பட்டு, கள்ளிச்செடி ஓரத்தில் கொன்றுபோடுகிறான் அவன். தேடி வந்த உடன்பிறந்தவனும் அங்கேயே உயிரை விடுகிறான். இரண்டு பேரும் சோழ ராஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகளாக, நீலன் நீலி என்று மறுபடி பிறக்கிறார்கள். பகலெல்லாம் தொட்டிலில் சமர்த்தாகக் கிடக்கிற பிள்ளைகள், ராத்திரியானால் இறங்கிப் போய் மாடுகளைத் தின்கின்றன. விஷயம் தெரிந்ததும் ராஜா அவர்களைக் காட்டில் ஒரு வேப்பமரத்தடியில் விட்டுவரச் சொல்கிறான். பெற்ற பிள்ளைகளை! எந்தப் பனிக்கோட்டையில் இதைவிட இருட்டு இருக்கிறது?

நீலன் இடையில் மாண்டுபோக, நீலி தனியாகிறாள். கொன்றவன் மறுபிறவியில் வணிகனாக வருகிறான். கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர்தான் என் புருஷன்’ என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நிற்கிறாள். கொலையைப் பார்த்து நின்றதும் கள்ளிதானே. அவளை நம்பி, அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொன்ன எழுபது பேரும், நீலி கையில் அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் விழுகிறார்கள்.

நீலி நல்லவளா, கெட்டவளா என்று ஆச்சியிடம் கேட்டேன். “பாவம் மக்ளே அவ” என்றாள். அப்புறம், இருட்டில் வாசலுக்குக்கூட என்னைத் தனியாக விடவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள ஆச்சிக்குச் சிரமமே இருந்ததில்லை.

அந்த நீலியைத்தான் இசக்கி என்று கும்பிடுகிறோம். ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறாள். இசக்கியின் மண்சிலையை உற்றுப் பாருங்கள்: ஒரு பிள்ளை கையில், இன்னொன்று வாயில். அவளிடம்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். இயக்கி, அதாவது யட்சி என்ற பெயர்தான் இசக்கி ஆனது என்பார்கள். சிதறால் மலையில் சமணர்கள் செதுக்கிய அம்பிகை யட்சிக்கும் இரண்டு பிள்ளைகள். 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னர் காலத்துக் கல்வெட்டு உள்ள இடம் அது. துறவிக்குச் சோறு போட்ட குற்றத்துக்காகப் புருஷன் விரட்டிவிட்டவள் அம்பிகை. எங்கள் பக்கத்துப் பயங்கரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவன் செய்த அநியாயம் இருக்கும்.

இதையெல்லாம் குரல்பதிவாக அனுப்பினேன். ஒன்பது நிமிஷம். கேட்பாளோ என்னவோ என்று இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

“சித்தி, நீலனைப் பொம்பளப் பிள்ளையா மாத்தட்டா?”

“மாத்து மக்ளே. வில்லுப்பாட்டுக்காரங்க ஊருக்கு ஊர் மாத்தித்தான் பாடுகாங்க.”

நேற்று முதல் பத்தி வந்தது. பனி போய்விட்டது. ஆரல்வாய்மொழிக் காற்று, வேப்பமரம், இரண்டு தொட்டில். சகோதரிகள் இருவருக்கும் நிறம் எழுதவில்லை. விடியும்போது ஒருத்தி வாயோரத்தில் மட்டும் மாட்டு ரோமம் ஒட்டியிருக்கிறது. யார் வாயில் என்று இன்னும் சொல்லமாட்டேன் என்கிறாள்.