மோரியாவின் பால்ராக் சௌரோனின் அடியாள் இல்லை

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மோரியா குள்ளர்களின் நிலத்தடி நகரம், பால்ராக் அங்கே இருந்த நெருப்பு அரக்கன், சௌரோன் கதையின் முதன்மை வில்லன். "மோரியாவில் இருந்த பால்ராக்கை சௌரோன்தான் உருவாக்கிக் காவலுக்கு வைத்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு, அதை அப்படியே விட மனமில்லை.

டோல்கீனின் உலகில் பால்ராக்குகள் மாயார் எனப்படும், தேவர்களுக்கு அடுத்த நிலையில் உள்ள வகை ஆவிகள். சௌரோனும் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியும்கூட அதே வகைதான்! மோர்காத் என்ற முதல் தீய தலைவனின் பக்கம் சாய்ந்து கெட்டுப்போனவை பால்ராக்குகள். அந்தப் படையில் உச்சியில் மோர்காத். சௌரோன் அவனுடைய முதன்மைத் தளபதி. பால்ராக்குகளுக்குத் தலைவன் காத்மாக்.

மோர்காத் வீழ்ந்தபோது தப்பிய ஒரு பால்ராக் மோரியா இருக்கும் மலைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. கதையின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 1980-இல் குள்ளர்கள் மித்ரில் என்ற அரிய உலோகத்துக்காக ஆழமாகத் தோண்டப்போய் அது வெளியே வந்தது. அவர்களுடைய மன்னன் ஆறாம் டூரினையே கொன்றது. சௌரோன் தன் ஆட்களை மோரியாவில் குடியேற்றத் தொடங்கியது சுமார் 2480-இல், அதாவது ஏறக்குறைய 500 ஆண்டு கழித்து. சௌரோனின் ஆட்களான ஓர்க்குகளும் பால்ராக்கும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்தக் குழப்பம். 2001-இல் வந்த 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்' படத்தைக் கவனியுங்கள்: பால்ராக்கின் உறுமல் கேட்டதுமே ஓர்க்குக் கூட்டம் தூண்களில் ஏறிச் சிதறி ஓடுகிறது.

பால்ராக்குகள் ஆயிரம் இருந்தன என்பது டோல்கீனின் பழைய வரைவுகளில் உள்ள கணக்கு. பிற்காலக் குறிப்பில் மூன்று, மிஞ்சினால் ஏழு என்று அவரே குறைத்துவிட்டார்.