சுடும் நேரத்தில் விளம்பரம்

அமெரிக்காவில் இருந்துகொண்டு குளிர்கால ஒலிம்பிக் பார்ப்பது பெரிய கொடுமை. எனக்கு உயிர் பயத்லான். பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து, 50 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது அதன் அகலம் வெறும் 45 மில்லிமீட்டர். பெரும்பாலான பந்தயங்களில் ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மொத்த ஆட்டமும் தலைகீழாவது அங்கேதான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கார் விளம்பரம் போடுகிறார்கள்!

2022 பெய்ஜிங் வரை அமெரிக்கா பதக்கமே வாங்காத ஒரே குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டு இது. அதற்காக இப்படியா? நார்வேயின் யோஹான்னஸ் போ அங்கே 4 தங்கம் வென்றார். இரவு ஒளிபரப்பில் அவருக்குச் சில நொடிகள்தான். மீதியெல்லாம் உள்ளூர் வீரர்களின் வீடு, அம்மா, சிறுவயதுப் படங்கள், சோக இசை. அந்தக் கதைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பந்தயம் முடிந்த பிறகு காட்டுங்கள்.

அப்புறம், முடிவு தெரிந்து பல மணி நேரமான போட்டியை இப்போதுதான் தொடங்குவதுபோலப் போடுவதை எப்போது நிறுத்துவார்கள்?

அதே பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரர் ஆரிஃப் கான், கொடிக்கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து மலைச்சரிவில் இறங்கும் ஜெயண்ட் ஸ்லாலம் பனிச்சறுக்கில் 45வதாக வந்தார். அவர் சறுக்கி இறங்கியதை ஒரு நிமிடமாவது காட்டியிருக்கலாம். காட்டவே இல்லை.