மைசூரைத் தேடாதீர்கள், சுவரைப் பாருங்கள்

ராமேஸ்வரம் போகிற பெரும்பாலானோர் ராமநாதபுரத்தில் டீ குடிக்கக்கூட இறங்குவதில்லை. இறங்கி, சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்துக்கு வருகிறவர்களும் “இதுதானா அரண்மனை? தோட்டம் எங்கே, நீரூற்று எங்கே?” என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரனாக எனக்கு இது பெரிய வருத்தம்.

மைசூர் அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இது மழை பொய்க்கிற சீமை. ஊரணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த மண்ணில் ராஜா புல்வெளி வளர்க்கவில்லை என்று குறை சொல்வது நியாயமா? அரண்மனை வளாகத்தில் இனி செடி வைப்பதென்றால் வேம்பு, புன்னை, பனை வையுங்கள். புல்லுக்கு லாரித் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

சரி, இங்கே பார்க்க என்னதான் இருக்கிறது? சுவர் இருக்கிறது. போகலூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிய கிழவன் சேதுபதி, 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கட்டினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இதற்குத் தோள்கொடுத்தார் என்று எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், சுவரெங்கும் ஓவியம் தீட்டினார்கள்.

ராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையால் சேதுபதிக்குச் செங்கோல் தருகிற படத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஆளும் உரிமை எங்கிருந்து வந்தது என்று குடிமக்களுக்குச் சொல்கிற படம் அது. இன்னோரிடத்தில் தஞ்சை மராட்டியரோடு நடந்த போர். ராமாயணக் காட்சிகளும் உண்டு. எனக்கு அலுக்காதது ஐரோப்பியர்கள் மன்னரைக் காண வரும் காட்சி. இந்தக் கடலின் முத்துக்காகவும் சங்குக்காகவும் டச்சுக்காரர்கள் சேதுபதிகளோடு ஒப்பந்தம் போட்ட காலம். வந்தவர்களை நம் ஓவியர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்பது அந்தச் சுவரில் இருக்கிறது. வெள்ளைக்காரர் எழுதிவைத்த குறிப்புகளில் அது கிடைக்காது.

அப்புறம் காலம் தலைகீழானது. 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சிறைப்பிடித்தார்கள். 1798 செப்டம்பரில் இதே ராமலிங்க விலாசத்தில்தான் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை உட்காரக்கூடச் சொல்லாமல் நிற்க வைத்து விசாரித்தார். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார். ஐரோப்பியர் மன்னரைப் பார்க்க வந்து நிற்கிற ஓவியம் உள்ள அதே கட்டடம். இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

இதையெல்லாம் வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். இன்ன படம், இன்ன காட்சி என்று ஒவ்வோர் ஓவியத்துக்குக் கீழேயும் நல்ல தமிழில் இரண்டு வரி வேண்டும். உள்ளூர்க் கல்லூரியில் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நிறுத்தலாம். அவர்களுக்கும் கைச்செலவுக்கு ஆகும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வரும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

பழைய சுவர்களைக் கண்டால் ஆணியால் பெயர் கீறுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முந்நூறு வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சு அது, ஒரு தரம் உதிர்ந்தால் போனது போனதுதான். கூட வருகிறவர் கையை வைத்தால் தயங்காமல் தடுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். அடுத்த தடவை ராமேஸ்வரம் போகும்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். ராமநாதபுரம் பஸ் நிலையத்திலிருந்து அரண்மனை ஆட்டோவில் போகிற தூரம்தான்.