தாஜ்மகாலை மாமல்லபுரம் முந்திவிட்டதா?

"தாஜ்மகாலை விட மாமல்லபுரத்துக்குத்தான் கூட்டம் அதிகம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. 2021-22இல் வெளிநாட்டுப் பயணிகள் கணக்கில் மட்டும் மாமல்லபுரம் முதலிடம்: சுமார் 1.45 லட்சம் பேர். தாஜ்மகாலுக்கு 39 ஆயிரம்கூட இல்லை. ஆனால் அது கொரோனா காலம். வழக்கமான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கின. அதே 2021-22இல் தாஜ்மகாலைப் பார்த்த உள்நாட்டுப் பயணிகள் மட்டுமே சுமார் 33 லட்சம்! 2023-24இல் வெளிநாட்டவர் கணக்கிலும் தாஜ்மகால்தான் முன்னால்.

நமக்கும் பெருமைதான், சரி. ஆனாலும் பழைய கணக்கை இன்றைய செய்தியாக அனுப்ப வேண்டாமே. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் இந்தியச் சுற்றுலாப் புள்ளிவிவர அறிக்கையில், தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணமுள்ள நினைவுச்சின்னங்கள் பகுதியில் சரிபார்க்கலாம்.