படுக்க இடம் கேட்பது சொகுசா?

‘மீட்புப் பணிக்குப் போகிறவர்கள் மனம் உடைவது சாவைப் பார்ப்பதால்தான்; படுக்க இடம், கழிவறை எல்லாம் சொகுசுப் பேச்சு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. சாவு உலுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாங்கும் தெம்பையே தூக்கமின்மை முதலில் தின்றுவிடும்.

2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்ததே, அந்த வாரம் அருகிலுள்ள எமரால்டு என்ற ஊர்ப் பக்கம் உதவிக்குப் போனோம். பதினாறு பேருக்கு ஒரு கூடம், ஒரே கழிவறை. பிழிந்து போட்ட சாக்ஸ் காலையிலும் சொட்டும். நீலகிரிக் குளிரில் ஈரக் கம்பளியோடு யார் தூங்குவது? கூட வந்த பெண்கள் கழிவறைக்குப் பயந்தே தண்ணீர் குடிக்கவில்லை. அப்புறம் தலைவலி, எரிச்சல். மூன்றாம் நாள், டீயில் சர்க்கரை இல்லை என்று ஆரம்பித்த பேச்சு கைகலப்புவரை போனது. அதுவரை நாங்கள் ஒரு சடலத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை!

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும் உதவி செய்பவரின் சாப்பாடு, ஓய்வு, வேலை நேரம் பற்றித் தனியாகவே பேசுகிறது.

நான்காம் நாள் ஒரு லைன் வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) திறந்துவிட்டு விறகும் கொடுத்தார்கள். எட்டு மணி நேரம் தூங்கினோம். மறுநாள் அந்தச் சண்டைக்காரர்கள் இருவரும் சேர்ந்தே சேறு அள்ளினார்கள்.