கல்லுக்குக் கார்பன் கணக்கு இல்லை

தம்பி, கோபிக்க வேண்டாம். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மூதூரின் பழங்கால மனிதர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். “மூதூர்ப் பக்கக் கல்லாயுதத்தைக் கார்பன் டேட்டிங் செய்து ஒரு லட்சம் வருடம் என்று கண்டுபிடித்தார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காத காரியம். கார்பன்-14 முறை உயிர் இருந்த பொருளுக்குத்தான்: கரி, எலும்பு, விதை, சிப்பி. கல்லுக்கு அது பொருந்தாது. உயிர்ப்பொருளிலும், அது இறந்தபின் அதிலுள்ள கார்பன்-14 சுமார் 5,730 வருடத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்து, 50,000 வருடம் தாண்டினால் அளக்க ஏதும் மிஞ்சாது.

களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கல் கிடந்த அதே மண்படையில் இருந்த கரித்துண்டுகளை எடுத்துத்தான் காலம் கணித்தார்கள். வந்தது ஏறத்தாழ 48,000 வருடம். அந்தப் படையில் குரங்கு, அணில் எலும்புகள், சீவிக் கூராக்கிய எலும்பு அம்புமுனைகள். அப்புறம் இலங்கையின் பழைய வாழிடங்களில் கிடைத்த 26 பேரின் பல் எனாமலைச் சோதித்த ஆய்வு 2015இல் வந்தது. சின்ன வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்பது பல்லில் பதிந்திருக்கும். பெரும்பாலும் காட்டு உணவுதான். மழைக்காட்டில் அவ்வளவு காலம் பிழைக்க எவ்வளவு அறிவு வேண்டும்!

அதனால் “மூளை வளராத குகை மனிதர்” என்ற உங்கள் வரியையும் எடுத்துவிடுங்கள். வெருகல், மூதூர்ப் பக்கம் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழும், இலங்கைப் பழங்குடியான கரையோர வேடர் நம் அயலவர்கள். அவர்களின் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள்.