முடியத் தெரிந்த கதைகள்

ஜப்பானிய அசைபடமான அனிமே பார்க்கலாம் என்றிருக்கிறேன், எதிலிருந்து தொடங்குவது என்று யாராவது ஒரு குழுவில் கேட்டுவிட்டால் போதும், பதில்கள் வரிசை கட்டி வந்துவிடும். 1999இல் தொலைக்காட்சியில் தொடங்கி ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டியும் முடியாத ஒன் பீஸ், இரண்டு பாகங்களும் சேர்ந்து 720 எபிசோடுகள் ஓடிய நருட்டோ என்று பட்டியல் நீளும். கூடவே, முதல் ஐம்பது எபிசோடுகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சூடு பிடிக்கும் என்ற ஆறுதலும் வரும். இந்தத் தொடர்களின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. ஆனால் ஜப்பானியச் சித்திரக்கதையும் அசைபடமும் தொட்ட உச்சங்களில் கணிசமானவை முப்பது பக்கத்திலும் இருபத்தைந்து நிமிடத்திலும் நிகழ்ந்தவை என்பதும், அவற்றை நீண்ட தொடருக்கு முன்னோட்டமாகவோ இடையில் கொறிக்கும் தீனியாகவோ நாம் நடத்திவருவது அநியாயம் என்பதும் என் திடமான கருத்து.

இதைச் சொன்னால் உடனே ஒரு சந்தேகம் எழும்: ரீல்ஸ் பார்த்துப் பார்த்துப் பொறுமை தேய்ந்துபோன தலைமுறைக்குக் குட்டிக்கதை பிடிக்காமல் என்ன செய்யும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுமை தேய்ந்தவர்களுக்கென்று வேறொரு பண்டம் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. பன்னிரண்டு எபிசோடுகளையும் இருபது நிமிடத்தில் சுருக்கி, தமிழில் குரல் கொடுத்து, ‘நம்ம ஹீரோ இப்ப என்ன பண்றான்னா’ என்று கதை சொல்லும் யூடியூப் காணொளிகளைச் சொல்கிறேன். அவற்றில் கிடைப்பது சம்பவங்களின் பட்டியல் மட்டுமே. நல்ல குறுங்கதையை அப்படிச் சுருக்கிச் சொல்லவே முடியாது, ஏனென்றால் அதில் சம்பவம் மிகக் குறைவாகவும் சம்பவத்தைக் காட்டும் விதம் மிக அதிகமாகவும் இருக்கும்.

நீண்ட தொடர்கள் ஏன் நீள்கின்றன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 1968இல் தொடங்கப்பட்ட ஷோனென் ஜம்ப் போன்ற வார இதழ்களில் மங்கா எனப்படும் சித்திரக்கதையின் ஆசிரியர் ஒருவர் வாரந்தோறும் ஏறத்தாழ இருபது பக்கங்கள் வரைந்து தர வேண்டும். வாசகர்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பு அட்டைகளை வைத்து இதழ் எந்தக் கதையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கிறது. வரவேற்பு இல்லாத தொடர் பத்துப் பதினைந்து வாரங்களிலேயே அவசரமாக முடித்துவைக்கப்படும், வரவேற்பு பெற்ற தொடரோ முடிவதற்கு அனுமதி கிடைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக இரண்டு வழியிலும் முடிவு என்பது கதாசிரியர் கையில் முழுமையாக இருப்பதில்லை. சில சமயம் ஆயுளே போதாமல் போகிறது. 1989இல் பெர்செர்க் தொடரைத் தொடங்கிய கென்தாரோ மியூரா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தும் அதை முடிக்காமலேயே 2021 மே மாதம் இறந்துபோனார். அவருடைய நண்பர் அறிந்துவைத்திருந்த கதைப்போக்கைக் கொண்டு இப்போது வேறு கைகள் அதைத் தொடர்கின்றன.

இந்தப் பின்னணியில் மங்கா ஆசிரியர் தாத்சுகி ஃபுஜிமோதோ செய்ததை வைத்துப் பார்க்க வேண்டும். தன் செயின்சா மேன் தொடரின் முதல் பாகத்தை 2020 டிசம்பரில் முடித்துவிட்டு, உலகமே இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்தபோது, 2021 ஜூலை 19 அன்று ஷோனென் ஜம்ப் பிளஸ் தளத்தில் 140 பக்கங்களைச் சற்றே தாண்டும் ஒரு தனிக்கதையை முழுதாக ஒரே நாளில் வெளியிட்டார். அதுதான் லுக் பேக். இதைப் படித்தவர்கள் எல்லோரும் முடிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் முதல் முப்பது நாற்பது பக்கங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நான்காம் வகுப்பு மாணவி ஃபுஜினோ பள்ளிச் செய்தித்தாளுக்கு நான்கு கட்டச் சித்திரக்கதை வரைகிறாள். வகுப்பே அவளைப் புகழ்கிறது, அவளும் அலட்டிக்கொள்ளாதவள்போல நடித்துக்கொண்டு அந்தப் புகழைப் பருகுகிறாள். பள்ளிக்கே வராமல் வீட்டில் அடைந்துகிடக்கும் கியோமோதோ என்ற சிறுமிக்கும் அதே இதழில் இடம் ஒதுக்கப்படுகிறது. அவள் வரைந்து அனுப்பும் நான்கு கட்டங்களில் ஆளே இல்லை, நகைச்சுவை இல்லை, கதையும் இல்லை. வெறும் கட்டடங்களும் தாழ்வாரங்களும்தான், ஆனால் அவற்றின் நுணுக்கத்துக்கு முன்னால் ஃபுஜினோவின் கோடுகள் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகின்றன. பக்கத்து இருக்கைப் பையன் அதை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறான். அன்றிலிருந்து அவள் வெறிபிடித்தவள்போல வரையப் பழகுகிறாள்.

நீண்ட தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பது தெரிந்ததே. குருவைத் தேடிப் போக வேண்டும், தோற்க வேண்டும், அழ வேண்டும், புது உத்தியைக் கற்றுத் திரும்ப வேண்டும். ஐந்தாறு வாரங்களுக்குக் குறையாத பயிற்சிப் படலம் ஒன்று. ஃபுஜிமோதோ அதற்குப் பதிலாக மேசைமுன் அமர்ந்திருக்கும் அவள் முதுகை மட்டும் காட்டுகிறார். மறுபடியும் அதே கோணம், அதே முதுகு. சன்னலுக்கு வெளியே பருவம் மாறியிருக்கிறது, அலமாரியில் ஓவியப் பயிற்சி நூல்கள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். உழைப்பு என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இப்படித்தான், சலிப்பூட்டும் ஒரு முதுகாகத்தான் தெரியும் என்பதை வசனம் ஏதுமின்றிச் சொல்லிவிடுகிறார். இரண்டு ஆண்டு உழைப்புக்குச் சில பக்கங்கள். அதன் பிறகும் கியோமோதோவை எட்ட முடியவில்லை என்று தெரிந்து அவள் வரைவதையே விட்டுவிடுகிறாள்.

ஆறாம் வகுப்பு முடியும்போது, ஆசிரியர் சொன்னதற்காகக் கியோமோதோவின் வீட்டுக்குச் சான்றிதழைக் கொடுக்கப் போகிறாள் ஃபுஜினோ. அங்கே தாழ்வாரம் முழுக்க வரைந்து தீர்ந்த நோட்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வெளியே வந்தவளைத் துரத்திக்கொண்டு கியோமோதோ ஓடிவருகிறாள், தான் அவளுடைய ரசிகை என்கிறாள், அவளை ஆசிரியரே என்று விளிக்கிறாள், தான் அணிந்திருக்கும் மேலங்கியின் முதுகில் கையெழுத்துக் கேட்கிறாள். ஏன் வரைவதை நிறுத்திவிட்டீர்கள் என்ற கேள்விக்கு, போட்டிக்கு அனுப்ப ஒரு பெரிய மங்காவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன் என்று ஃபுஜினோ கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் வீடு திரும்புகிறாள். முதலில் நடை, பிறகு கைகால்கள் தானாக வீசிக்கொள்ளும் ஒரு துள்ளல், பிறகு முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு விநோத ஆட்டம். அந்தப் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து ஈரத்தைக்கூடத் துடைக்காமல் மேசையில் உட்கார்ந்துவிடுகிறாள், மீண்டும் அதே முதுகு நம் முன்னால். நாம் அதை ஏற்கெனவே பார்த்துப் பழகியிருப்பதால் இம்முறை அந்த முதுகு வேறொன்றாகத் தெரிகிறது. எழுநூறு எபிசோடுகளுக்குள் இந்த விளைவு கிடைக்காது, ஏனென்றால் முதல் முதுகுக்கும் இந்த முதுகுக்கும் நடுவில் ஆண்டுகள் போயிருக்கும். ஒரே அமர்வில் படிப்பதால்தான் முதலில் கண்ட படம் நினைவில் சூடாக இருக்கிறது.

பிற்பாதியில் கதை ஒரு வன்முறைக்குள் நுழைகிறது. கியோட்டோ அனிமேஷன் என்ற அசைபட நிறுவனத்தில் 2019இல் 36 உயிர்களைப் பலிகொண்ட தீவைப்பின் இரண்டாம் நினைவுநாளுக்கு மறுநாள் இது வெளியானதால், வாசகர்கள் பலர் இரண்டையும் சேர்த்தே வாசித்தார்கள். அதற்குமேல் சொல்லிப் படிக்காதவர்களின் அனுபவத்தைக் கெடுக்க மாட்டேன். 2024இல் கியோதாகா ஒஷியாமா இதைத் திரைப்படமாக்கியபோது 58 நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டார் என்பதை மட்டும் மெச்சிக் குறிப்பிடுகிறேன். தியேட்டருக்கு வருபவர்களுக்கு இரண்டு மணி நேரம் காட்ட வேண்டுமே என்று பாட்டனார் கதையையும் பக்கத்து வீட்டுக் கதையையும் அவர் சேர்க்கவில்லை.

குறுவடிவம் வெறும் சிக்கன உத்தி என்று நினைப்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இன்னொரு படைப்பு. ஹிரோஷிமாவில் பிறந்த ஃபுமியோ கோனோ 2003இல் வரைந்த யூனாகி நோ மாச்சி. சுமார் முப்பது பக்கம். குண்டு விழுந்து பத்தாண்டுகள் கழித்து, 1955இல், ஆற்றோரக் குடிசைப் பகுதியில் தாயோடு வாழும் மினாமி என்ற இளம்பெண்ணின் கதை. அலுவலகத்துக்குப் போகிறாள், செருப்பு தேயக் கூடாது என்று வழியில் வெறுங்காலோடு நடக்கிறாள், தோழிகளோடு சிரிக்கிறாள், உடன் வேலை செய்யும் ஒருவன் அவளை விரும்புகிறான். அவன் நெருங்கி வரும் கணத்தில் அவள் கண்ணுக்குப் பிணங்கள் தெரிகின்றன. தான் உயிரோடிருப்பதே குற்றம், இதில் மகிழ்ச்சி வேறா என்று உள்ளே ஒரு குரல் அவளைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரலை அவள் ஒருவழியாகத் தாண்டி வரும்போது கதிரியக்க நோய் அவளைப் படுக்கையில் தள்ளுகிறது.

கடைசிப் பக்கங்களில் அவளுக்குப் பார்வை போய்விடுகிறது. கோனோ அவள் முகத்தையோ சுற்றி நிற்பவர்களையோ வரையவில்லை. கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுகிறார். வெள்ளைக் கட்டங்களுக்குள் அவள் எண்ணங்கள் மட்டும் சில வரிகளாக மிதக்கின்றன, குண்டைப் போட்டவர்கள் பத்தாண்டு கழித்து இன்னும் ஒருத்தியைக் கொன்றுவிட்டோம் என்று மகிழ்வார்களா என்ற கேள்வி உட்பட. அதுவரை அடர்த்தியான, பொறுமையான கைக்கோடுகளால் நிறைந்திருந்த பக்கம் திடீரென்று காலியாவதை வாசகரின் கண் உடலளவில் உணர்கிறது. முப்பது பக்கத்தில் இரண்டு மூன்று பக்கம் வெறுமை என்றால் அது கதையின் பத்தில் ஒரு பங்கு. இருபது தொகுதிகள் கொண்ட நூலில் அதே இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். இந்தக் கணக்குத்தான் குறுவடிவத்தின் பலம் என்று நினைக்கிறேன். மினாமியின் தம்பி மகளை வைத்துக் கோனோ பின்னர் எழுதிய தொடர்ச்சியையும் சேர்த்தால்கூட நூல் ஏறத்தாழ நூறு பக்கங்களில் அடங்கிவிடும்.

அசைபடத்துக்கு வருவோம். மகோதோ ஷின்காய் இன்று பெரிய பெயர். 2002 பிப்ரவரியில் அவருடைய வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார், தோக்கியோவின் ஷிமோகிதாசாவா பகுதியில் டோலிவுட் என்ற பெயர் கொண்ட ஒரு சின்னத் திரையரங்கில் வெளியானது. (நமக்குத் தெரிந்த டோலிவுட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குறும்படங்களுக்கென்றே இருந்த அரங்கு அது.) 25 நிமிடப் படம், ஏறக்குறைய முழுவதையும் தன் வீட்டுக் கணினியில் தனி ஆளாக உருவாக்கினார். விண்வெளிப் போருக்குப் போன சிறுமி பூமியில் இருக்கும் தோழனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறாள், அவள் தொலைவு கூடக் கூட அது வந்துசேரும் காலமும் கூடுகிறது, கடைசியில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எதிரிகள் யார், போர் எதற்கு, பள்ளிச் சிறுமியை ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்விகளுக்கு ஷின்காய் பதில் சொல்வதில்லை. சொல்லாமல் விடும் உரிமையை 25 நிமிடம் அவருக்கு அளிக்கிறது. இதையே 24 எபிசோடுகளாக எடுத்திருந்தால் அந்தப் போருக்கு ஒரு வரலாறு, எதிரிக்கு ஒரு பெயர்க் காரணம், தளபதிக்கு ஒரு துயரக்கதை எல்லாம் வந்து சேர்ந்து, தாமதமாக வரும் அந்த ஒற்றைச் செய்தி எங்கோ புதைந்துபோயிருக்கும்.

இது வெறும் ஊகமல்ல என்பதற்குச் சான்றும் உண்டு. இளம் அசைபடக் கலைஞர்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தின் கீழ் யூசுரு தாச்சிகாவா 2013இல் டெத் பில்லியர்ட்ஸ் என்ற 25 நிமிடப் படத்தை எடுத்தார். எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாத ஒரு கிழவரும் ஓர் இளைஞனும் ஒரு மதுக்கூடத்தில் பில்லியர்ட்ஸ் ஆட வைக்கப்படுகிறார்கள். முடிவில் யாருக்கு என்ன தீர்ப்பு என்பதைப் படம் சொல்லாது, அந்தக் கிழவரின் புன்னகைக்கு என்ன பொருள் என்று பார்த்தவர்கள் வாதாடிக்கொள்ளலாம். அதன் வெற்றியால் 2015இல் டெத் பரேட் என்ற 12 எபிசோடுத் தொடர் வந்தது. நல்ல தொடர்தான், சில எபிசோடுகள் அபாரம். ஆனாலும் அந்த மதுக்கூடத்தின் நிர்வாகம், மாடிகள், மேலதிகாரிகள், விதிமுறைகள் என்று ஒவ்வொன்றாக விளக்கப்பட விளக்கப்பட, எனக்கு முதலில் ஏற்பட்ட அச்சம் குறைந்து ஓர் அரசு அலுவலகத்தின் உள்விவகாரத்தைப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது.

எல்லாக் குறுங்கதையும் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. இதழ்களில் வரும் தனிக்கதைகளில் பெரும்பகுதி தொடருக்கான வெள்ளோட்டம்தான். ஒன் பீஸும் நருட்டோவுமே முதலில் தனிக்கதையாக வெளிவந்து வாசகர் நாடி பார்க்கப்பட்டவை. அப்படிப்பட்டவற்றில் கடைசிப் பக்கம் முடிவாக இருக்காது, இனிமேல்தான் பயணம் தொடங்குகிறது என்று கதாநாயகன் அடிவானத்தைப் பார்த்துக் கை நீட்டுவான். அவை அளவில் குறுகியவையே தவிர, வடிவத்தால் நீள்கதைகள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாத் தனிக்கதைக்குக் கீழேயும் ‘இது தொடராக வந்தால் செம’ என்று எழுதுகிறோம். அதைப் பாராட்டென்று நினைத்துத்தான் எழுதுகிறோம், என் காதில் அது குறையாகவே விழுகிறது. லுக் பேக்குக்கு இரண்டாம் பாகம் வருமா என்று கேட்பவர்களையும் பார்த்துவிட்டேன்.

அவர்களுக்கு நான் கோஜி யமமுராவின் அதாமா யமா என்ற பத்து நிமிடப் படத்தைச் சிபாரிசு செய்வேன். 2002இல் வெளியாகி ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம், ஜப்பானியரின் ரகுகோ என்னும் பழைய கதைசொல்லும் கலையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு கஞ்சன் செர்ரிப் பழத்தின் கொட்டையைத் துப்ப மனமில்லாமல் விழுங்குகிறான், தலையில் மரம் முளைக்கிறது, பூ பூத்ததும் ஊரே அதனடியில் கூடிக் குடித்துக் கூத்தடிக்கிறது. எரிச்சல் தாங்காமல் மரத்தைப் பிடுங்கி எறிகிறான், பள்ளம் விழுகிறது, மழை நீர் தேங்கிக் குளமாகிறது, இப்போது மீன் பிடிக்கவும் குளிக்கவும் கூட்டம் வருகிறது. கடைசியில் அவன் அந்தக் குளத்திலேயே, தன் தலையில் இருக்கும் குளத்திலேயே, விழுந்து இறந்துபோகிறான். இதற்கு இரண்டாம் பாகம் கேட்பவர் யாராவது இருந்தால் கதைச்சுருக்கத்தை அவரே எழுதிக் கீழே போடட்டும், நான் ஆவலோடு படிக்கிறேன்.